தொப்பி கேட்காத மிருதங்கம்

பாடகர் ஆலாபனையை முடித்துவிட்டார். வயலின் ராகத்தை எடுத்துக்கொள்கிறது. டிவியிலோ பாடகர் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிப்பது க்ளோசப்பில் வருகிறது. கேமரா ஒருவழியாக வயலின் பக்கம் திரும்புவதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டும் முதல் பிடிகள் போய்விட்டன. மார்கழிக் கச்சேரிகளை வீட்டில் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன ஏமாற்றம். ஒலியும் அப்படித்தான். குரல் காதுக்குள் வந்து பாடும். வயலின் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கேட்கும், இடப்பக்கமான தொப்பி கேட்காது. ஒளிபரப்புக் கருவிகள் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. இன்று சிறிய சேனல்கள்கூட நல்ல கேமராவும் மிக்ஸரும் வைத்திருக்கின்றன.

அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிக்கலவையில் பெரும்பங்கைச் செய்து தருவது அவருடைய மூளை. ஓர் ஒலி நம் இரு காதுகளையும் எட்டும் நேரத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதை வைத்தே வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று மூளை பிரித்துக்கொள்கிறது. பல குரல்களுக்கு நடுவே வேண்டியதை மட்டும் பிடித்துக் கேட்கும் இந்தத் திறனை 1953இல் காலின் செர்ரி என்ற விஞ்ஞானி சோதனைகள் செய்து ஆராய்ந்தார். எல்லா ஒலியும் டிவிப் பெட்டிக்குள்ளிருந்தே வரும்போது அந்த வசதி போய்விடுகிறது. நம் மூளை செய்த வேலையை இப்போது ஒலிப்பதிவாளர்தான் செய்தாக வேண்டும்.

பல நேரங்களில் அது நடப்பதில்லை. அரங்கத்து ஸ்பீக்கர்களுக்காகச் செய்த கலவையையே ஒரு கேபிள் இழுத்து ஒளிபரப்புக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மெல்லிசைக் கச்சேரிகளில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். டிரம்ஸ் சத்தம் மேடையிலிருந்தே அரங்கை நிறைத்துவிடுவதால் மிக்ஸரில் அதைக் குறைத்து, குரலைத் தூக்கி வைப்பார்கள். அரங்குக்கு அது சரி. டிவிக்குப் போவதோ மேடைச் சத்தம் சேராத வெறும் மிக்ஸர் ஒலி. குரல் பூதாகரமாக நிற்க, டிரம்ஸ் எங்கோ தட்டுவதுபோல் ஆகிவிடும். கைதட்டலும் அரங்கின் அதிர்வும் வேண்டுமென்று ரசிகர்களுக்கு மேலே மைக் தொங்கவிட்டால் வேறொரு சிக்கல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கை அது எட்டுவதற்குள் 50 மில்லிநொடி ஓடிவிடும். இந்தத் தாமதத்தை மிக்ஸரில் ஈடுகட்டாமல் கலந்தால் ஒவ்வொரு அடியும் இரட்டை அடியாக விழும்.

எனக்கு மனம் பொறுக்காதது மிருதங்கத்துக்கு நேர்கிற கதிதான். பெரும்பாலான தோல் கருவிகளில் அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இயைவதில்லை. வலந்தலையின் நடுவே பூசிய கருப்புச் சாந்தோ தோலின் அதிர்வுகளைத் திருத்தி, தந்திக் கருவியைப் போல இயைந்த மேற்சுரங்களைத் தருகிறது. இதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சி.வி. ராமன், 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். தொப்பிப் பக்கம் ரவையைப் பிசைந்து ஒட்டுவது ஆழ்ந்த நாதத்துக்காக. அடித்த கையோடு தோலை அழுத்தித் தேய்க்கும்போது சுருதி வளைந்து எழுமே, அந்தக் கும்கி இல்லாமல் ஒரு கீர்த்தனைக்கு நடை ஏது?

தட்டை டிவிகளின் சிறு ஸ்பீக்கர்களால் இத்தனை தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப முடியாது. ஆனால் இதற்கு வழி உண்டு. அடிப்படைச் சுரம் வராவிட்டாலும் அதன் மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்டால் மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே தொப்பிக்குத் தனி மைக் வைத்து, அதன் மேற்சுரங்களைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தாலே தொப்பி வீடு வந்து சேரும்.

இன்னொரு குற்றவாளி கம்ப்ரஸர். ஒலி ஓங்கும்போது தானாகக் குறைக்கும் கருவி அது. மொத்தக் கலவைக்கும் சேர்த்து அதை முறுக்கி வைத்துவிட்டால், மிருதங்கத்தில் பலமான அடி விழும் கணத்தில் குரலும் வயலினும்கூட அமுங்கி, பிறகு மெல்ல எழும். சந்தேகம் இருந்தால் அடுத்த ஒளிபரப்பில் தம்புராவை மட்டும் கவனியுங்கள். சீராக ஓட வேண்டிய சுருதி அடிக்கு அடி மூழ்கி எழுவது கேட்கும். மிருதங்கத்துக்கு மட்டும் தனியாகக் கம்ப்ரஸர் போட்டால் தீர்ந்துபோகிற கோளாறு இது.

கேமரா படத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் என்ன கேட்கிறோம் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஓர் ஆய்வில், மரிம்பா என்ற தட்டு வாத்தியம் வாசிப்பவர் கையை நீளமாக வீசினால் சுரம் நீண்டதாகவும், குறுக்கி வீசினால் குறுகியதாகவும் கேட்டவர்களுக்குத் தோன்றியது. ஒலியில் வித்தியாசமே இல்லை. மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம்ப் இருவரும் 2007இல் இதை வெளியிட்டார்கள். தனி ஆவர்த்தனத்தில் விரல்களை விட்டுவிட்டு முன்வரிசைப் பிரமுகரைக் காட்டும்போது சொற்கட்டின் தெளிவும் நமக்குக் குறைகிறது என்றே நினைக்கிறேன்.

விரல்களைக் காட்டினாலும் ஒலி முந்திவிடக் கூடாது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். இடி மின்னலுக்குப் பிறகே கேட்கும். அதனால் ஒலி பிந்துவதை மூளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முந்துவதைப் பொறுக்காது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. டிஜிட்டல் முறையில் படத்தைப் பதப்படுத்தத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. எனவே கவனிக்காமல் விட்டால் முந்துவது ஒலிதான். கை தோலைத் தொடுமுன் ‘தீம்’ கேட்பது இதனால்தான்.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரி 1959 முதல் டிவியில் வருகிறது. இத்தகைய ஒளிபரப்புகளில் இசைக்குறிப்பை வைத்தே கேமரா மாற்றங்களை முன்கூட்டித் திட்டமிடுவார்கள். நம் கச்சேரியில் மனோதர்மம் மிகுதி, எழுதிவைத்த தாள் கிடையாது. ஆனாலும் தாளம் போடத் தெரிந்தவருக்குப் பல விஷயங்கள் முன்பே தெரியும். கோர்வை மூன்று முறை வரும். குறைப்பில் பங்கு பாதிபாதியாகச் சுருங்கும். ஆலாபனை முடிந்தால் அடுத்தது வயலின். அப்படி ஒருவர் ஒளிபரப்பு வேனில் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து, “அடுத்த எடுப்பில் கடம்” என்று சொன்னால் போதும். எடுப்பு வரும்போது கேமரா அங்கே இருக்கும். ஒலிப்பதிவாளரும் வயலின் நிழலாகத் தொடரும்போது ஃபேடரை இறக்கியும், தனியாக எடுக்கும்போது ஏற்றியும் கொடுப்பார். 1938இல் சென்னையில் நிலையம் தொடங்கிய வானொலி, நிலைய வித்வான்கள் என்றே இசைவாணர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. டிவி சேனல்கள் சீசனுக்கு ஒருவரையாவது அமர்த்திக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு, மேடைக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் கேமரா கிரேனின் வாடகையை எட்டாது.

வீட்டில் நாம் செய்துகொள்ளக்கூடியதும் கொஞ்சம் உண்டு. டிவி செட்டிங்கில் ‘ஆடியோ டிலே’ இருந்தால் கையும் அடியும் சேரும்வரை ஒலியைத் தாமதப்படுத்தலாம். பரணில் பழைய ஸ்டீரியோ இருந்தால் இறக்கி, டிவியோடு இணையுங்கள். பெரிய ஸ்பீக்கர் என்பதால் தொப்பி ஓரளவு கேட்கத் தொடங்கும்.