கேட்கக் கூசிய வீடுகளில் ஒரு வெள்ளைத் துணி

2021 ஜூன் மாத இறுதி. நாடு முழுவதும் கதவுகள் சாத்தியிருந்த நேரம். அடுக்குமாடி வீடுகளின் சன்னல் கம்பிகளிலும் கம்பத்து வீட்டு வேலிகளிலும் வெள்ளைத் துணிகள் தொங்கத் தொடங்கின. சில வீடுகளில் தலையணை உறை, சில வீடுகளில் பழைய பனியன், சில வீடுகளில் பிள்ளையின் பள்ளிச் சட்டை. எதுவாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான்: இந்த வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லை.

அந்தத் துணியைப் பார்த்துக் கதவைத் தட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டாருக்கு முன்பின் தெரியாதவர்கள். கையில் அரிசி, முட்டை, எண்ணெய். பெயர்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். ‘பெண்டேரா பூத்தே’ என்று மலாயில் அழைக்கப்பட்ட அந்த வெள்ளைக் கொடி இயக்கம் எப்படித் தோன்றியது, ஏன் பலன் தந்தது, இன்று நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அந்த மாதத்தில் நடந்தது என்ன?

முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் தொடங்கியது. அதன் பிறகு தளர்த்துவதும் இறுக்குவதுமாக ஓராண்டுக்கு மேல் ஓடியது. 2021 ஜூன் 1-இல் நாடு மீண்டும் முழுமையாக மூடப்பட்டது. முதலில் இரண்டு வாரம் என்றார்கள். பிறகு இன்னும் இரண்டு வாரம் என்றார்கள். அன்றாடத் தொற்று 4,000-க்குக் கீழே இறங்கும் வரை கட்டுப்பாடு நீடிக்கும் என்று ஜூன் 27-இல் அறிவிப்பு வந்தது. எப்போது முடியும் என்று யாராலும் தேதி சொல்ல முடியவில்லை.

மாதச் சம்பளம் வாங்கியவர் எப்படியோ சமாளித்தார். நாள் சம்பளக்காரர் என்ன செய்வார்? லோரி உதவியாளர், குத்தகைத் துப்புரவுப் பணியாளர், இரவுச் சந்தையில் கடை போடுபவர், பூ கட்டி விற்பவர், கல்யாண வீட்டுச் சமையல்காரர், மேளம் நாதஸ்வரம் வாசிப்பவர் எனப் பலருக்கும் வேலை நின்ற அன்றே வருமானமும் நின்றது. கையிலிருந்த நகை முதல் ஆண்டிலேயே அடகுக் கடைக்குப் போய்விட்டது. சேமநிதியிலிருந்து எடுக்க அனுமதித்த பணத்தையும் பலர் எடுத்துச் செலவழித்து முடித்திருந்தார்கள்.

அப்போது வெளிவந்த ஒரு கணக்கு பலரை உலுக்கியது. அந்த ஆண்டு ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதங்களில் 468 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் போலீஸ் தரப்பு தெரிவித்தது. அதற்கு முந்திய 2020 ஆண்டு முழுவதிலும் அந்த எண்ணிக்கை 631. ஒவ்வொன்றுக்கும் காரணம் பசிதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், சொல்ல வழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எழுந்தது.

அந்தச் சூழலில்தான் சமூக ஊடகங்களில் ஒரு யோசனை பரவியது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம், வெட்கப்பட வேண்டாம், வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள் போதும் என்பதுதான் அது. சில நாட்களுக்குள் நாடெங்கும் கொடிகள் தெரிந்தன. மளிகைக் கடைக்காரர்கள், உணவகக்காரர்கள், பேரங்காடிகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், இளைஞர் குழுக்கள் என்று பலரும் பொருளோடு இறங்கினார்கள். எங்கே கொடி தொங்குகிறது, எங்கே உணவு வங்கி இருக்கிறது என்று காட்டும் இணைய வரைபடங்களைத் தன்னார்வ இளைஞர்கள் உருவாக்கினார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 2020-இல் குவாத்தமாலாவிலும் எல் சால்வடாரிலும் பசியில் இருந்த குடும்பங்கள் வெள்ளைத் துணியைக் காட்டின. கொலம்பியாவில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள்.

ஒரு துணியால் எப்படி முடிந்தது?

முதல் காரணம், அதற்குப் படிவம் இல்லை. அரசாங்க உதவி பட்டியலை வைத்து நடப்பது. பதிவு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், வருமான விவரம் வேண்டும். போன ஆண்டு வருமானம் இருந்து, இந்த ஆண்டு வேலை போனவரின் பெயர் பட்டியலில் ஏறுவதற்குள் அரிசி டின் காலியாகிவிடும். பட்டியல் தேவையில்லை என்று சொல்லவில்லை. நீண்ட கால உதவிக்குப் பட்டியல்தான் வேண்டும். ஆனால் இன்றிரவுப் பசிக்குப் பக்கத்து வீடுதான் வேகமானது.

இரண்டாவது, அதற்கு மொழி இல்லை. மலாய் பேசத் தயங்கும் பாட்டியும், விண்ணப்பம் எழுதத் தெரியாத தொழிலாளியும் ஒரு துணியைக் கட்டிவிட முடியும்.

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியமானது. அது முகம் பார்த்துக் கேட்கும் வேதனையைக் குறைத்தது. திருவள்ளுவர் ‘ஈகை’ என்று ஓர் அதிகாரம் எழுதியதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவரே ‘இரவச்சம்’ என்று இன்னோர் அதிகாரமும் எழுதியிருக்கிறார். கொடுப்பதைச் சிறப்பித்தவருக்கு, கேட்பவன் மனம் என்ன பாடுபடும் என்பதும் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் ‘மானம்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பட்டினியை மறைத்தவர்கள் உண்டு. விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது காப்பி கலக்குவோம். ஆனால் கடன் வாங்கினோம் என்று காட்டிக்கொள்ள மாட்டோம். அப்படிப்பட்டவர்களால் வாய் திறந்து கேட்க முடியாது. துணியைக் கட்டிவிட்டு உள்ளே போய்விட முடியும்.

லயத்தில் கொடி தேவைப்படவில்லை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். எந்த வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பால் மரத்துக்குப் போனவர் காய்ச்சலில் படுத்தால், பெரட்டுக் களத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். பால் டின்னில் அளந்து அரிசி கைமாறும். சம்பளம் போட்டதும் அதே டின் அரிசியோடு திரும்பி வரும். தோட்டத்துக் கடையில் கடன் கணக்கு ஓடும். அங்கேயும் சண்டை இருந்தது, சாதி பார்த்தது இருந்தது, அடுத்த வீட்டுக் கதை பேசியதும் இருந்தது. அதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு வீட்டின் பசி அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் போனதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. எதிர் வீட்டுக்காரரை மின்தூக்கியில் பார்த்தால் தலையாட்டுவோம். பெயர் தெரியாது. சுவர் இப்போது சிமென்டு. புகை தெரிவதற்கு விறகடுப்பும் இல்லை. அன்று புகையில்லாத அடுப்பு சொன்ன செய்தியை 2021-இல் வெள்ளைத் துணி சொன்னது.

ஒரு வேறுபாடும் உண்டு. லயத்தில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கொடுத்தார். கொடியைப் பார்த்து வந்தவருக்கு அந்த வீட்டில் இருப்பவர் என்ன இனம், என்ன சமயம், எந்த ஊர் என்று தெரியாது. மலாய்க்கார அம்மா தமிழர் வீட்டு வாசலில் முட்டைத் தட்டை வைத்தார். நம் பையன்கள் மோட்டார் சைக்கிளில் மலாய்க்காரர் வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் அரிசி கொண்டுபோனார்கள்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள்

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. வெள்ளைக் கொடி என்றால் போரில் தோற்றவன் காட்டுவது, கொடியைத் தூக்க வேண்டாம், இறைவனை நோக்கிக் கையைத் தூக்குங்கள் என்று ஓர் அரசியல்வாதி சொன்னார். இது அரசாங்கத்தைக் குறை கூறும் பிரசாரம் என்றார் இன்னொருவர். அதற்கு மக்களிடமிருந்து கடுமையான பதிலும் வந்தது.

ஆனால் இயக்கத்துக்கு உண்மையான குறைகளும் இருந்தன. முகநூலில் படம் பரவிய வீட்டுக்குப் பத்து மூட்டை அரிசி வந்து சேர்ந்தது. பெருஞ்சாலையிலிருந்து விலகிய உள் தோட்டத்துக் கொடி யார் கண்ணிலும் படவில்லை. பொய்யாகக் கட்டுவார்களே என்ற சந்தேகமும் எழுந்தது. சிலர் அப்படிச் செய்திருக்கலாம். ஒரு பொய்க் கொடியால் நட்டம் ஐந்து கிலோ அரிசி. உண்மையான கொடியைச் சந்தேகித்துக் கடந்து போனால் வரும் நட்டத்தை அரிசியில் கணக்கிட முடியாது.

இன்று நாம் செய்யக்கூடியது

இப்போது கொடி இல்லை. அதனால் நாம்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கடையில் பொருளை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைக்கும் தாய். பல நாளாகக் கதவு திறக்காத தனி முதியவர். பள்ளி இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போகாத பிள்ளை. இவையெல்லாம் கட்டப்படாத கொடிகள்தாம்.

கொடுக்கும்போது சில விஷயங்களைக் கவனத்தில் கொள்ளலாம்.

முதலில், சமைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி கொடுத்துவிட்டு வருவோம், அந்த வீட்டில் எரிவாயு தீர்ந்திருக்கும். உதவித்தொகை விலையில் 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 ரிங்கிட் 60 சென். பாக்கெட் சமையல் எண்ணெய் ஒரு கிலோ 2 ரிங்கிட் 50 சென். அரிசி, முட்டை, பருப்பு, சார்டின், உப்பு ஆகியவற்றோடு குழந்தைக்கான பால் மாவு, அணையாடை, பெண்களுக்கான மாதவிடாய் அட்டை ஆகியவற்றையும் சேருங்கள். இவற்றைக் கேட்கப் பலர் கூசுவார்கள்.

முஸ்லிம் வீடு என்றால் ஹலால் முத்திரை உள்ள உலர்ந்த பொருளாகக் கொடுங்கள். இந்து வீட்டுக்கு மாட்டிறைச்சி கலந்த பொருள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைவமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

படம் எடுக்காதீர்கள். அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பாவின் படம் புலனக் குழுவில் சுற்றினால், மறுநாள் பள்ளியில் தலைகுனிவது அவர் பிள்ளைதான். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பொருளை மட்டும் படம் எடுத்தால் போதும்.

திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத பழக்கம் நமக்கும் உண்டு, மலாய்க்காரர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தால், ‘எதுக்கு இதெல்லாம்’ என்று தள்ளாதீர்கள். வாங்கியவர் என்ற நிலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் என்ற நிலைக்கு அவர் திரும்பி வரும் வழி அது.

ஒரு பை அரிசியில் தீராத சிக்கலாக இருந்தால், சமூக நல இலாகாவுக்கு விண்ணப்பிக்கத் துணையாகப் போங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணில் 24 மணி நேரமும் உதவி கேட்கலாம். மனம் உடைந்து பேசுபவர் யாராவது இருந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். கோலாலம்பூர் பிஃரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. தேவைப்பட்டால் நீங்களே அழைத்து அவர் கையில் தொலைபேசியைக் கொடுங்கள்.

2021-இல் கொடி கட்டிய வீடுகளில் எத்தனையோ இன்று நிமிர்ந்துவிட்டன. அவர்களில் சிலர் அன்று தங்கள் கதவைத் தட்டியவர் யாரென்று இன்றுவரை அறியமாட்டார்கள். அந்தக் கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த மாடியில் இருப்பவரிடம் கொடுக்கலாம். அவர் பெயர் என்ன என்று இன்று மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.