ஓ.டி. என்றால் ஓவர்டைம் இல்லை: செயல்வழிச் சிகிச்சைப் படிப்பு குறித்துச் சில விளக்கங்கள்

"டீச்சர், ஓ.டி.ன்னா ஓவர்டைம்தானே? பாட்டியோட கார்டுல எதுக்கு அதைப் போட்டிருக்காங்க?"

படிவம் ஐந்தில் படித்த ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுடைய பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பாட்டிக்கு மலாய் அவ்வளவாக வராது என்பதால், மொழிபெயர்க்க இவள் ஈப்போ வரை கூடப் போவாள். மூன்றாவது தடவை போய் வந்த பிறகு, "இந்த வேலைக்கு எப்படிப் படிக்கிறது டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "நர்ஸ் படிக்கலாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் ரொம்ப நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். மலாயில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா'. 'தொழில்' என்று போட்டதுமே நம் மாணவர்கள் சம்பள வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 'ஆக்குபேஷன்' என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் பொருள் வேறு. ஒரு மனிதரின் நாளை நிரப்புகிற எல்லாமே அதில் அடங்கும். பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, கோலம் போடுவது, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது எல்லாம் ஆக்குபேஷன்தான். அதனால் 'செயல்வழிச் சிகிச்சை' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கட்டுரையில் எழுதும் மாணவர்கள் ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

இதையும் பிசியோதெரபியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இயன்முறை மருத்துவர் பாட்டியின் தோளும் முழங்கையும் எவ்வளவு தூரம் அசைகின்றன, தசைக்கு எவ்வளவு வலு திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார். செயல்வழிச் சிகிச்சையாளர், அந்தக் கையை வைத்துப் பாட்டி தானே சேலை கட்ட முடியுமா என்று பார்ப்பார். இரண்டுமே தேவை. வேலையில் கொஞ்சம் ஒன்றோடொன்று கலக்கவும் செய்யும்.

இத்துறையின் அடிப்படைத் திறன் ஒன்று தமிழ் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். அதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் உடம்பிலும் மனத்திலும் என்ன தேவைப்படுகிறது என்று கண்டுபிடிப்பது. இதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். "தேத்தண்ணி கலக்குவது எப்படி?" என்று எழுதச் சொன்னபோது எல்லாரும் நாலைந்து வரியில் முடித்துவிட்டார்கள். பிறகு, "வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கலக்குவதாக நினைத்து எழுதுங்கள்" என்றேன். அப்புறம்தான் எழுத ஆரம்பித்தார்கள்! சீனி டின் மூடியை ஒற்றைக் கையால் எப்படித் திறப்பது? டின் வழுக்கினால்? ஒரு பையன், டின்னைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொள்ளலாம் என்றான். இன்னொருத்தி, அடியில் ஈரத்துணி போட்டால் நகராது என்றாள். சிகிச்சையாளர்கள் வழுக்காத விரிப்பைப் பயன்படுத்துவதும் இதே யோசனைதான். பிடி தளர்ந்த கைக்கு, கரண்டிக் காம்பில் ஸ்பாஞ்சு சுற்றித் தடிமனாக்கித் தருவார்கள். கை இறுகி மடங்காமல் இருக்க, சூடான தண்ணீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக் கையின் வடிவத்துக்கே வார்த்துக் கொடுப்பார்கள். ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள். அதனால்தான் இந்தப் படிப்பில் உடற்கூற்றியல் கொஞ்சம் பயமுறுத்தும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. உலகக் கூட்டமைப்பு 1952இல் அமைந்தது. இந்தியாவில் முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாயில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த கதையைப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லலாம். நம் பேராக்கிலோ 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை இருக்கிறது. இப்போது அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. "உன்னை அங்கதான் அனுப்பணும்" என்று பிள்ளைகள் கேலி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். மனநலம் குன்றியவர்கள் மறுபடி சமைக்க, கடைக்குப் போக, வேலைக்குத் திரும்பப் பழக்குவதும் இத்துறையின் பெரிய பகுதி என்று அப்போது எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 'உதவியாளர்' என்பது தனிப் படிப்பு. ஏறக்குறைய இரண்டு வருஷம் படித்து, தேசியத் தேர்வு எழுதி, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் வேலை செய்வார்கள். நம் நாட்டில் அப்படித் தனிப் படிநிலை இல்லை. சுகாதார அமைச்சின் சுங்கை பூலோ பயிற்சிக் கல்லூரியிலோ மற்ற உயர்கல்விக் கூடங்களிலோ மூன்று வருஷ டிப்ளோமா முடித்தால் சிகிச்சையாளராகவே ஆகலாம். மலாயில் 'ஜுருபுலே சாரா கெர்ஜா' என்பார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டம் 774, 23 சுகாதாரத் தொழில்களைப் பட்டியலிடுகிறது. இதுவும் அதில் ஒன்று. அதனால் வேலை பார்க்கப் பதிவு வேண்டும். தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துவிட வேண்டும்.

டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம்.மில் கணிதமும் அறிவியல் பாடமும் நன்றாக இருக்க வேண்டும். முழு நிபந்தனையை அந்தந்த வருஷத்து விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் மூன்று முடிந்ததும், "அறிவியல் கஷ்டம்" என்று சொல்லிப் பிள்ளைகள் ஒதுங்குவார்களே, இந்தக் கதவு அங்கேயே மூட ஆரம்பித்துவிடுகிறது. அப்போதே நாம் பேச வேண்டும்.

உதவியாளராக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும் இடம் உண்டு. பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரெங்கானு, பத்து ராகிட்டில் தொடங்கி நாடு முழுக்கப் பரவின. அங்கே பணியாளர்கள் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குத் தினசரிப் பழக்கங்களைக் கற்றுத் தருகிறார்கள். தனியார் சிகிச்சை மையங்களிலும் உதவியாளர் வேலை கிடைக்கும். விடுமுறையில் ஒரு மாதம் பி.டி.கே.யில் தொண்டூழியம் செய்து பார்த்தால், இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். எச்சில் துடைக்க முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. ஈப்போ மேரு ராயாவில் பெர்கேசோ ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தைக் கட்டியிருப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வேலையில் அடிபட்டவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப அங்கே உதவி கிடைக்கும்.

தமிழ் இதில் எங்கே வருகிறது? சிகிச்சையாளர் நோயாளியிடம் முதலில் கேட்பது, "எது முடியாமல் போனது உங்களுக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது?" என்பது. என் மாணவி சொன்னாள்: பாட்டி இரண்டு தடவையும் "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டாராம். மூன்றாம் தடவை இவள் தமிழில் கேட்டபோதுதான், "வெத்தலை மடிக்க வரல ஆயா" என்று அழுதிருக்கிறார். அன்றைக்கு மேசையில் மற்ற பயிற்சிச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, ஒரு தாளை வெற்றிலை அளவுக்கு வெட்டி, மடிக்கப் பழக்கினாராம் அந்தச் சிகிச்சையாளர்.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, போன தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். டிப்ளோமா விண்ணப்பத்தை என் வீட்டுக் கணினியில்தான் உட்கார்ந்து நிரப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.