எலும்பு கூடியது, பாட்டி ஏன் நடக்கவில்லை?

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒரு செய்தியை நீங்கள் கேட்டிருக்கலாம். மழை நாளில் பாட்டி வாசற்படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று மாதமாகியும் அவர் எழுந்து நடக்கவில்லை. "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்கிறார்கள் வீட்டார். வயது மட்டும்தானா காரணம்?

இடுப்பெலும்பு முறிவு என்று நாம் சொல்வது, பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவதையே ஆகும். பந்து போன்ற அதன் தலை, இடுப்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. முதுமையில், அதிலும் பெண்களிடம், எலும்பு வலுவிழப்பதால் நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே அது முறியக்கூடும். மருத்துவர் திருகும் தகடும் வைத்தோ, செயற்கை மூட்டுப் பொருத்தியோ சரிசெய்கிறார்.

இனி, பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். நடக்கும்போது ஒரு கால் தரையைவிட்டு எழும் கணத்தில், மற்றக் காலின் இடுப்பு மூட்டே ஆதாரப் புள்ளி. அதன் ஒரு பக்கம் உடலின் எடை. மறுபக்கம் இடுப்பின் வெளிப்புறத் தசைகள். தசைகளின் புயம், எடையின் புயத்தில் ஏறத்தாழ பாதியே. ஆகவே தசைகள் உடல் எடையைப்போல் சுமார் இருமடங்கு விசையுடன் இழுத்தாக வேண்டும். மூட்டின்மீது விழும் மொத்தச் சுமையோ உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு! நடப்பதற்கு எலும்பு மட்டும் போதாது, வலுவான தசையும் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தத் தசை, பயன்படுத்தாவிட்டால் விரைவில் கரையும். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததில், கால்களில் சுமார் ஒரு கிலோ தசையை இழந்தனர். அதை மீட்க நாள்தோறும் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஊக்கம் வேண்டும். மனச்சோர்வு பறிப்பது அந்த ஊக்கத்தைத்தான்.

இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்படுகிறது. சோர்ந்தவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வேறு. நடக்காததால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் நடக்க முடிவதில்லை. முடியாததால் சோர்வு மிகுகிறது. இது ஒரு சுழல். 1990இல் ஜானா மோசி என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு நீடித்த பெண்களைவிட அது குறைவாக இருந்தவர்கள் துணையின்றி நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது.

அப்படியானால் மனம் தேறினால் எலும்பு விரைவில் கூடிவிடுமா? அப்படிப் பொருளன்று. கூடிய எலும்பைப் பயன்படுத்த ஆள் முன்வருவார் என்பதே பொருள்.

அறிகுறிகள் எவை? முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, பசியின்மை, தூக்கக் கேடு, "இனி நான் எதற்கு?" என்ற பேச்சு. இவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று, குணப்படுத்தக்கூடிய நோய். ஆலோசனையும் மருந்தும் உண்டு. ஆனால் சில மாத்திரைகள் முதியோரின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், தள்ளாட்டமும் தரலாம். ஆகவே கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. எஞ்சிய பங்கு வீட்டாருடையது. திருவாரூர்த் தேரை நிலையிலிருந்து கிளப்பத்தான் மிகுந்த விசை தேவை. உருளத் தொடங்கியபின் அவ்வளவு வேண்டாம். பாட்டிக்கும் முதல் சில அடிகளே கடினம். இன்று கட்டிலிலிருந்து திண்ணை வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை, மருத்துவர் அனுமதித்த அளவில், கூடவே நடந்து செல்லுங்கள். "எழுந்து நட" என்று அதட்டுவதைவிட "வாங்க பாட்டி, நானும் வருகிறேன்" என்பது பயன் தரும்.