அடைப்பில்லாத குடலடைப்பு

வாசகர் ஒருவர் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார். வயிறு பானை போல் உப்பி, வாந்தி நிற்காமல், குடலடைப்பு என்று அறுத்துப் பார்த்தார்களாம். உள்ளே அடைப்பே இல்லை. "அடைக்காத குடல் எப்படி நிற்கும்?" என்று கேட்கிறார். அண்ணனின் நோய் இன்னதென்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் முப்பது வருடமாகப் பீடி குடிப்பவர் என்ற ஒரு வரி என்னை விடவில்லை.

சிறுவயதில் பழைய சைக்கிள் ட்யூபுக்குள் கோலிக்குண்டைப் போட்டு நகர்த்துவோம். பின்கை இறுக்க வேண்டும், முன்கை தளர வேண்டும். இரண்டு கையும் இறுக்கினால் குண்டு நகராது. குடலும் இப்படித்தான் உணவைத் தள்ளுகிறது என்று 1899இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிய பிறகும் அந்தத் தள்ளல் நிற்கவில்லை. கை வேலையைச் செய்வது குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள். அவை செத்தால் குழாய் திறந்தே கிடக்கும், உள்ளே எதுவும் நகராது.

அவற்றைக் கொல்வது சில நேரம் நம் சொந்த எதிர்ப்புச் சக்திதான். நரம்பணுக்களுக்குள் 'ஹு' என்றொரு புரதம் உண்டு. 1985இல் நியூயார்க்கில் அதற்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டவர்கள், நோயாளி ஒருவரின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். நுரையீரலில் வரும் சிற்றணுப் புற்றுநோயும் இதே புரதத்தைச் செய்கிறது. உடம்பு புற்றை அடிக்கக் கிளம்புகிறது. அதே அடையாளத்தைக் குடலில் கண்டு அங்கேயும் அடிக்கிறது. ஹு அணுவின் உள்ளே ஒளிந்திருப்பதால், நேரடியாகக் கொல்வது பெரும்பாலும் எதிர்ப்பொருள் அல்ல, கூடவே வரும் எதிர்ப்புச் சக்தியின் டி அணுக்கள் என்றே கருதுகிறார்கள். எதிர்ப்பொருள் ரத்தத்தில் நின்று காட்டிக்கொடுக்கிறது.

என்னை மலைக்க வைப்பது இதுதான்: குடலில் எத்தனை நரம்பணு என்று எண்ணுவதற்கு ஆய்வகங்கள் சாயம் ஏற்றப் பயன்படுத்துவதும் ஹுவைப் பற்றும் எதிர்ப்பொருளைத்தான். நோயாளியின் ரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுத்த அதே பிடிப்பு, கண்ணாடித் தகட்டில் ஒரு நரம்பணுவையும் விடாமல் எண்ணித் தருகிறது.

எல்லா எதிர்ப்பொருளும் நின்ற குடலின் அடையாளம் அல்ல. 2013இல் தெரியவந்த ஒன்று, அணுவின் மேற்பரப்பில் இருக்கும் டிபிபிஎக்ஸ் என்ற புரதத்தைப் பற்றி நரம்பைக் கட்டுக்கடங்காமல் துடிக்க வைக்கும். மாதக்கணக்கில் பேதி, எடை இழப்பு; பிறகுதான் குழப்பமும் நடுக்கமும். இங்கே அணு பெரும்பாலும் சாவதில்லை, ஆகவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சையில் பலர் தேறுகிறார்கள். ஹுவில் இழந்த அணு திரும்புவது அரிது. அதனால் நாள் முக்கியம்.

நாமோ எதற்கும் "கேஸ்" என்று சொல்லி மாதங்களைக் கழிக்கிறோம். இந்த நோய் அரிதுதான். மலச்சிக்கல் உள்ள எல்லோரும் பயப்பட வேண்டாம். ஆனால் புகைபிடிக்கும் ஒருவருக்குக் காரணமில்லாமல் குடல் நின்று, எடையும் இறங்கினால், மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு பாட்டில் பேதி மருந்து வாங்காதீர்கள். புற்று வெளியே தெரியப் பல மாதம் முன்பே குடல் நின்றுவிடலாம். நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேனும் எதிர்ப்பொருளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடிதம் எழுதிய நண்பரே, உங்கள் அண்ணனுக்கும் இதைக் கேளுங்கள்.