பிளாட்பாரத்தில் சாம்பல் புதன்

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு ஒரு மண்டலம் என்றால், கிறிஸ்தவர்களுக்கு லெந்து நாட்கள் நாற்பது. காலண்டரை எடுத்துச் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 வரும். கணக்கில் பிசகு இல்லை. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள். அன்று உபவாசம் கிடையாது. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது சரியாக நிற்கும்.

நம் சங்கத்தில் உள்ள திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம். 2019ல் சிகாகோ புறநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்குள்ள எபிஸ்கோப்பல் சபையில் இந்த நாட்களைக் கழித்தேன். நம் சி.எஸ்.ஐ.க்கு அது ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். சி.எஸ்.ஐ. 1947ல் பல சபைகள் கூடிப் பிறந்தது. அதில் ஒரு கிளை இங்கிலாந்துத் திருச்சபை. எபிஸ்கோப்பல் சபையோ முழுக்க அதிலிருந்து வந்தது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்தபின், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய முடியாததால், சாமுவேல் சீபரி என்பவர் 1784ல் ஸ்காட்லாந்து போய் பேராயர் பட்டம் பெற்று வந்தார்.

சாம்பல் புதனுக்கு முந்தின இரவு கோயில் கூடத்தில் பான்கேக் விருந்து. விரதத்துக்கு முன் வீட்டிலுள்ள முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிடும் பழைய வழக்கம் அது. அன்று கரண்டி பிடித்தவர்கள் ஆண்கள்தான். நம் வீடுகளிலும் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி வைத்தால் தேவலை!

மறுநாள் காலை ரயில் நிலையம் போனேன். ரயிலைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது. அங்கே பிளாட்பாரத்தில் எங்கள் குருவானவர், குளிர்கோட்டின் மேல் ஊதா அங்கவஸ்திரத்துடன் நின்று, ஆபீஸ் போகிறவர்களின் நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டுக் கொண்டிருந்தார். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று நினைவூட்டி ஒரு சிறு ஜெபம். அரை நிமிஷம், ரயில் வந்தது, ஏறிப் போனார்கள்.

இது 2007ல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி, 2010ல் சிகாகோ புறநகர் ரயில் நிலையங்களுக்கு வந்த ஏற்பாடாம். சபைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பும் உண்டு. மனந்திரும்புதல் என்ன, வழியில் வாங்கிக் குடிக்கும் காப்பியா என்று கேட்கிறார்கள். உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், பிறர் காணச் செய்யாதே என்ற போதனைதான் அன்றைய சுவிசேஷ வாசிப்பு; அந்தச் சாம்பலோடு ஊர் சுற்றலாமா என்பது இன்னொரு கேள்வி.

எதிர்ப்பவர்கள் ஷிப்ட் வேலை பார்க்காதவர்கள் என்றே தோன்றுகிறது. லைனில் இருப்பவனுக்கு ஆராதனை நேரமும் டியூட்டி நேரமும் என்றைக்கு ஒத்து வந்தன? நாக்பூர் டிவிஷனில் என்னோடு இருந்த டிரைவர்களும் கேங்மேன்களும் எத்தனையோ பெரிய வெள்ளிகளைத் தண்டவாளத்தில் கழித்தவர்கள். அவர்களைத் தேடி ஒரு குருவானவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் தொப்பியைக் கழற்றி நின்றிருப்பார்கள்.

ஆனால் அரை நிமிஷச் சாம்பலால் சபை உருவாகாது. அதற்கு வேறு வேலை வேண்டும். அங்கே குருவானவரை நம் ஊர் போல் பேராயர் மாற்றல் உத்தரவு போட்டு அனுப்புவதில்லை (ரயில்வேயும் சி.எஸ்.ஐ.யும் இதில் ஒரே ஜாதி). சபையார் தேர்ந்தெடுத்த வெஸ்ட்ரி என்னும் குழு, பேராயரைக் கலந்து கொண்டு அழைக்கிறது. கூரை ஒழுகினாலும் ஹீட்டர் பில் வந்தாலும் அவர்கள் தலையில்தான். வெள்ளை முடிக்காரர்களே அதிகம் உள்ள அந்தச் சபையில் இது சிறிய பாரம் அல்ல.

லெந்து புதன்களில் மாலையில் எளிய சூப்பும் ரொட்டியும், பிறகு வேதபாடம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாத்திரம் கழுவுவது. யார் எந்தப் புதன் சூப் என்று பலகையில் பெயர் எழுத வேண்டும். மூன்றாம் புதனுக்கு என் மகள் எழுதினாள். மல்லிகட்டானி என்று அவர்கள் சொல்வது நம் மிளகுத்தண்ணிதான் என்று விளக்கி, மிளகைப் பாதியாக்கி, பெரிய பாத்திரத்தில் வைத்துக் கொண்டு போனோம். மிச்சமில்லை.

அடுத்த புதன் பேரனுக்குக் காய்ச்சல்; நாங்கள் போகவில்லை. இரவு எட்டரைக்கு போன். பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் நிற்கும் கிழவி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.