நாக்கு எட்டாத ரோமம்

பூனை உங்கள் கையை எப்போதாவது நக்கியிருந்தால், அதன் நாக்கு எவ்வளவு சொரசொரப்பு என்று தெரிந்திருக்கும். நாக்கின் மேல் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் குட்டிக் குட்டி முட்கள்தான் அதற்குக் காரணம். நம் நகம் எதனால் ஆனதோ, அதே கெரட்டினால் ஆனவை அவை. ஒரு வீட்டுப் பூனையின் நாக்கில் ஏறக்குறைய 290 முட்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அலெக்சிஸ் நோயல், வீட்டில் ஒருநாள் ஒரு வேடிக்கையைப் பார்த்தார். அவருடைய பூனை போர்வையை நக்கப்போய், நாக்கு அதிலேயே மாட்டிக்கொண்டது. பூனையை விடுவித்துவிட்டார். ஆனால் ஏன் மாட்டியது என்ற கேள்வி அவரை விடவில்லை. வீட்டுப் பூனையில் தொடங்கி பனிச்சிறுத்தை, புலி, சிங்கம் வரை ஆறு வகைப் பூனைகளின் நாக்குகளை ஸ்கேன் செய்து பார்த்தார். டேவிட் ஹூ என்ற பேராசிரியருடன் சேர்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்.

ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, மெல்லிய மூங்கில் குழலைச் சாய்வாகச் சீவிவிட்டது போல. வாயில் இருக்கும் எச்சில் தானாகவே அந்தப் பள்ளத்தில் ஏறி நிற்கும். பூனை நக்கும்போது முள் ரோமத்துக்குள் இறங்கி, எச்சிலைத் தோல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அழுக்கு போகிறது, சிக்கு எடுபடுகிறது. அதோடு எச்சில் ஆவியாகும்போது உடம்பின் சூடும் தணிகிறது. நமக்கு வியர்ப்பது போல் பூனைக்கு உடம்பெங்கும் வியர்க்காது; பாதத்தின் மெத்தைகளில்தான் வியர்வை வரும். அதனால் பூனை உடல்சூட்டைத் தணிப்பதில் கால் பங்கு வரை எச்சிலே பார்த்துக்கொள்ளக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இப்போதுதான் சிக்கல் வருகிறது. முள்ளின் நீளம் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு பெரிய சிங்கத்துக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை! நாக்கு அழுத்தும்போது ரோமம் அமுங்கும். அமுங்கிய ரோமத்தின் தடிமன் முள்ளைவிடக் குறைவாக இருந்தால்தான் எச்சில் தோலைத் தொடும். புலிக்கும் சிங்கத்துக்கும் இந்தக் கணக்கு சரியாக வந்தது, தெருவில் திரியும் பூனைக்கும் வந்தது. பெர்சியன் பூனைக்கு மட்டும் வரவில்லை. அதன் ரோமத்துக்குள் முள் தோல்வரை எட்டவில்லை.

பெர்சியனின் ரோமம் ஏன் அவ்வளவு நீளம்? ஒவ்வொரு முடியும் சில காலம் வளரும், பிறகு நிற்கும், ஓய்வெடுக்கும், உதிரும். ‘போதும், நிறுத்து’ என்று முடிக்குச் சொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எஃப்ஜிஎஃப் 5. அந்த மரபணு பழுதானால் கட்டளை ஒழுங்காகப் போகாது, முடி கூடுதல் காலம் வளரும். நீள ரோமப் பூனைகளில் இந்த மரபணுவில் நான்கு விதமான பழுதுகளை 2007இல் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் ரோமம் நீளும். அதனால்தான் குட்டை ரோமமுள்ள இரண்டு தெருப்பூனைகளுக்குச் சில சமயம் புசுபுசுவென்று ஒரு குட்டி பிறந்து, தெருவே ஆச்சரியப்படுகிறது.

குட்டை ரோமத்துக்கும் பெர்சியனுக்கும் நடுவில் ஒரு கூட்டம் உண்டு. நார்வே காட்டுப் பூனை, மெய்ன் கூன், சைபீரியன், பிர்மன், ராக்டால், துருக்கிய வான் எல்லாம் அரைநீள ரோம இனங்கள். தோளில் ரோமம் குறைவாகவும் கழுத்திலும் தொடையிலும் வாலிலும் தாராளமாகவும் இருக்கும். இவற்றில் பல, மனிதர் அழகுக்காக வளர்க்கத் தொடங்கும் முன்பே குளிரில் பிழைத்த பூனைகளின் வழி வந்தவை. வான் பூனையைப் பாருங்கள்: கோடையில் ரோமத்தை உதிர்த்துவிட்டு, வால் மட்டும் புசுபுசுவென்று நிற்க, குட்டை ரோமப் பூனை போலவே ஆகிவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன்.

அந்த ஏற்பாடு நம் ஊரில் செல்லுமா? சேலத்தில், ஏற்காடு மலையேறும் சாலை தொடங்குகிற அடிவாரத்தை எடுத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் வெயில் 38, 39 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது காற்றின் கணக்கு. மேலே சால்வை, கீழே மின்விசிறி. ஒரே பூனைக்கு இரண்டு ஊரும் இரண்டு உலகம்.

ரோமம் உதிரும் காலத்தை வெயிலைவிடப் பகலின் நீளமே அதிகம் தீர்மானிக்கிறது. நார்வேயின் ஆஸ்லோவில் ஜூன் மாதப் பகல் 19 மணி நேரத்தை நெருங்கும். டிசம்பரில் 6 மணி நேரம்கூட இருக்காது. அங்குள்ள பூனைக்கு ‘கோடை வருகிறது, கோட்டைக் கழற்று’ என்ற செய்தி தெளிவாகக் கிடைக்கும். சேலத்திலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. போதாததற்கு, வீட்டில் ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரிகிறது. பூனை குழம்பிப்போய், வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். பள்ளிச் சீருடையிலும் அப்பாவின் கறுப்பு பேன்ட்டிலும் ஒட்டியிருப்பது இந்தக் குழப்பம்தான்.

ராக்டாலிலும் பிர்மனிலும் இன்னொரு விநோதம் உண்டு. உடம்பு வெளுப்பு, முகம், காது, கால், வால் மட்டும் கருமை. நிறமியை உண்டாக்கும் நொதி இவற்றில் சூட்டைத் தாங்காது, குளிர்ந்த இடத்தில்தான் வேலை செய்யும். அம்மா வயிறு கதகதப்பாக இருப்பதால் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கும். காதும் வாலும் உடம்பைவிடக் குளிர்ச்சி என்பதால் அவை முதலில் கறுக்கும். இதே குணமுள்ள சயாமியப் பூனைகளை வைத்து ரஷ்யாவில் சோதித்து 1930இலேயே எழுதியிருக்கிறார்கள்: ரோமத்தை மழித்துக் குளிரில் விட்டால், அந்த இடத்தில் கருமையாக முளைத்தது. ஆக, அப்படியொரு பூனை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபோனால், அடுத்து முளைக்கும் ரோமம் கொஞ்சம் கறுக்கலாம்.

சரி, வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? நாக்கு எட்டாத இடத்தில் சீப்பு எட்ட வேண்டும். அகலப் பல் வைத்த உலோகச் சீப்பால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சீவினால் அரைநீள ரோமத்துக்குப் பெரும்பாலும் போதும். பெர்சியனுக்குத் தினமும் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, தொடையிடுக்கு ஆகியவை சிக்கு விழும் இடங்கள். இறுகிய சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலெழும்பி வெட்டுப்பட்டுவிடும். கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். தோட்டத்துக்குப் போய்வந்த பூனை என்றால் நாயுருவி விதையும் உண்ணியும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாயுருவிக்கு இந்த ரோமம் இலவசப் பேருந்து. தன் விதையை ஊர் கடத்திக்கொள்ளும்.

ரோமத்தில் எது பட்டாலும் கடைசியில் அது வயிற்றுக்குத்தான் போகும் என்பதையும் மறக்காதீர்கள். லில்லிப் பூவின் மகரந்தம் மேலே பட்டு, அதைப் பூனை நக்கினால் சிறுநீரகமே செயலிழக்கலாம். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்குக் கடும் விஷம்.

நல்ல வெயிலில் பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால், நாயும் அப்படித்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாய்க்கு அது வழக்கம், பூனைக்கு ஆபத்தின் அறிகுறி. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் பாதத்தையும் காதையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். கடைகளில் ‘பஞ்ச் ஃபேஸ்’ என்று விற்கிற சப்பை மூக்குப் பெர்சியனுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்காற்று குளிர்வதற்கு மூக்கில் இடமே இல்லை. ‘டால் ஃபேஸ்’ என்பதற்கு மூக்காவது ஒழுங்காக இருக்கிறது.

என்னைக் கேட்டால், அடிவாரத்தில் வீடு, பகலெல்லாம் வீட்டில் யாரும் இல்லை, சீவிவிடவும் பொழுதில்லை என்றால், நீள ரோமப் பூனையை வாங்காதீர்கள். பக்கத்துத் தெருவில் பிறந்த குட்டியை எடுத்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு வளருங்கள். அதன் நாக்குக்கும் ரோமத்துக்கும் கணக்கு சரியாக இருக்கிறது.