அயோவா ராஜ்யத்தில் இளவயதுத் தொழிலாளரின் சம்பாத்தியம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிஸ்ஸிஸிப்பி, மிஸௌரி என்னும் இரு நதிகளுக்கிடையே அமைந்த அயோவா ராஜ்யம் மக்காச்சோளச் சாகுபடிக்குப் பேர்போனது. அங்கு 16 வயதிற்குமேல் கட்டாயக் கல்வி இல்லை. பள்ளியை விட்டு முழுநேர வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை மணிக்கூலி விகிதத்தைக் கொண்டு மாத்திரம் அறிதல் இயலாது.

சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2008-ம் வருஷம் அங்கு அமலுக்கு வந்த இவ்விகிதம் 2025-லும் மாறவில்லை. வாரத்திற்கு 40 மணி வீதம் 290 டாலர். ஒரு வாரமும் விடாது உழைத்தால் வருஷத்திற்கு 15,080 டாலர். இதில் முதுமைக்கால உதவி, வைத்திய உதவி ஆகியவற்றிற்காக 100-க்கு 7.65 பிடித்தம் செய்யப்படுவதால், வாரமொன்றுக்குக் கைக்கு வருவது சுமார் 268 டாலர். முதலாளிகளில் பலர் இதற்கு மேலும் கொடுப்பதுண்டு. எனினும் 20 வயதுக்குட்பட்டவருக்கு முதல் 90 நாட்கள் வரையில் 6 டாலர் 35 சென்ட் கொடுத்தாலே போதுமென்று சட்டம் இடமளிக்கிறது. இதனால் அவ்விளைஞர் இழப்பது சுமார் 460 டாலர். வேலை கற்கும் காலமென்று இதற்குக் காரணம் கூறுவர். தட்டுக் கழுவக் கற்பதற்கு 90 நாட்கள் வேண்டுமோ என்பது வேறு விஷயம்.

மிஸௌரி நதியின் பாலத்தைக் கடந்தால் நெப்ராஸ்கா ராஜ்யம். ஜனங்கள் 2022-ல் வாக்களித்தபடி அங்கு கூலி படிப்படியாக உயர்ந்து, 2025-ல் மணிக்கு 13 டாலர் 50 சென்ட் ஆயிற்று. அவ்வருஷத்தில் இக்கரையில் வாரம் 290 டாலர் பெற்ற கடைச் சிப்பந்திக்கு அக்கரையில் சட்டப்படி 540 டாலர் கிடைத்திருக்கும்.

வயல் வேலையின் கணக்கு வேறு. வீரிய மக்காச்சோள விதை உற்பத்தியில் பெண் வரிசைச் செடிகளின் உச்சியிலுள்ள ஆண் பூங்கதிரை மகரந்தம் உதிருமுன் களைந்துவிட வேண்டும். இல்லாவிடில் தன் மகரந்தமே சேர்ந்து விதை கலப்பாகிவிடும். யந்திரங்கள் பெரும்பகுதியைப் பறித்தாலும், தப்பியவற்றைக் கையாலேயே களைய வேண்டியிருப்பதால், ஜூலை மாதத்தில் 14 வயது முதற்கொண்டு சிறுவர் சிறுமியர் இவ்வேலைக்கு வருகின்றனர். காலையில் பனியில் நனைந்தும், நடுப்பகலில் வெயிலில் வாடியும், சோளத்தோகை கையை அறுக்க வரிசை வரிசையாக நடப்பர். வேலை மூன்று வாரத்திற்குள் முடிந்துவிடும். வாரம் 50 மணி உழைத்தாலும் குறைந்தபட்ச விகிதத்தில் மொத்தம் 1,087 டாலர் 50 சென்ட்தான். விவசாய வேலைக்கு 40 மணிக்கு மேற்பட்ட நேரத்திற்கென ஒன்றரைப் பங்குக் கூலி இல்லை.

சிறு பண்ணைகளுக்கு மற்றொரு விலக்கும் உண்டு. முந்திய வருஷத்தில் எந்தக் காலாண்டிலும் 500 ஆள்-நாட்களுக்கு மேல் கூலியாட்களை வைத்திராத பண்ணைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. ஏறக்குறைய ஏழு முழுநேர ஆட்கள் வரையில் வைத்துள்ள குடியானவர் இதில் அடங்குவர். அங்கு கூலி பேச்சின்படியே.

பெற்றோரின் சொந்தப் பண்ணையில் உழைக்கும் பிள்ளைகளுக்கு வயது வரம்பே கிடையாது. 18 வயதுக்குட்பட்ட தம் பிள்ளைக்குத் தகப்பனார் கூலியாகக் கொடுக்கும் தொகையில் மேற்கூறிய 7.65 பிடித்தமும் இல்லை. ஆனால் அநேகம் வீடுகளில் அக்கூலி கணக்குப் புத்தகத்தில் ஏறுவதேயில்லை.